அறிவியல் புனைவுத் தொடர்களில் அனிமேட்ரானிக் உயிரினங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுக்கிரக உயிரினங்கள் திரையில் எப்படி அசைகின்றன, எப்படிப் பேசுகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தாம் என்னிடம் கேட்கப்படுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை 'ஃபார்ஸ்கேப்' தொடரிலிருந்து வருகின்றன. 1999 முதல் 2003 வரை 88 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அத்தொடர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் படமாக்கப்பட்டது. அதன் உயிரினங்களை ஜிம் ஹென்சன் கிரியேச்சர் ஷாப் என்ற பொம்மைப் பட்டறை உருவாக்கியது. முதன்மைப் பாத்திரங்களில் இருவரை முழுக்க முழுக்கப் பொம்மைகளாகவே வைத்து நான்கு பருவங்களை நடத்திய தொடர் என்பதால், இக்கலையின் வலிமையையும் எல்லையையும் விளக்க அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன்.

அனிமேட்ரானிக் உயிரினம் என்பது தானாக அசையும் ஒரு ரோபோதானே?

இல்லை. தொடர்களில் நாம் காணும் அனிமேட்ரானிக் உயிரினம் அடிப்படையில் ஒரு பொம்மை. அதன் உள்ளே மோட்டார்களும் நெம்புகோல்களும் கம்பிகளும் இருக்கின்றன. ஆனால் எந்த நொடியில் இமை தாழ வேண்டும், எந்தச் சொல்லுக்கு உதடு சுளிய வேண்டும் என்று முடிவு செய்பவர், கேமராவின் பார்வைக்கு வெளியே கட்டுப்பாட்டுக் கருவியுடன் நிற்கும் ஒரு கலைஞர்.

இக்குழப்பத்துக்குக் காரணம் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தாம். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1963 இல் திறக்கப்பட்ட பாடும் பறவைகளின் அரங்கில், முன்கூட்டியே பதிவு செய்த ஒலிநாடாவின் சைகைகளுக்கேற்பப் பறவைகள் அலகை அசைத்தன. பார்வையாளர்கள் மாறினாலும் அசைவு மாறாது. நாடகத்துக்கு இந்த முறை பயன்படாது. எதிரே நிற்கும் நடிகர் இன்றைய டேக்கில் ஒரு விநாடி தயங்கிப் பேசினால், அந்தத் தயக்கத்துக்குப் பொம்மையும் அதே கணத்தில் எதிர்வினை காட்ட வேண்டும். அதற்கு மனிதர் தேவை.

முகத்தில் ரப்பர் ஒட்டி நடிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன.

ஃபார்ஸ்கேப்பின் விண்கலத்துக்குள் நுழைந்தாலே வேறுபாடு விளங்கிவிடும். ஸான் என்ற நீலநிறப் பெண்ணுக்கு வண்ண ஒப்பனையே பிரதானம். டார்கோ என்ற போர்வீரனுக்கு நடிகரின் முகத்தில் ரப்பர் உறுப்புகள் ஒட்டப்படுகின்றன. அவற்றை அசைப்பவை நடிகரின் சொந்தத் தசைகள். ரைஜல், பைலட் ஆகிய இருவருக்குள்ளும் நடிகர் எவரும் இல்லை. ரைஜல் பதவி இழந்த ஒரு குட்டை மன்னன். பைலட், கலத்தோடு உடலால் பிணைக்கப்பட்டு அதைச் செலுத்தும் பேருருவம். இவ்விருவரும் கையாலும் மோட்டாராலும் இயங்கும் பொம்மைகள்.

இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. உடலுக்கு ஒரு நடிகர் உடையணிந்து நடப்பார். தலையின் முகபாவத்தை மட்டும் வேறொருவர் தொலைவிலிருந்து ரிமோட்டில் இயக்குவார். 2007 இல் 'டாக்டர் ஹூ' தொடரில் வந்த காண்டாமிருக முகம் கொண்ட ஜடூன்களின் தலை இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு படை முழுவதற்கும் இயங்கும் தலை செய்யத் தேவையில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. நெருக்கக் காட்சியில் பேசுகிறவருக்கு இயங்கும் தலை இருந்தால் போதும். பின்வரிசையினர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நிற்கலாம்.

ரைஜலை ஒரே ஒருவர்தான் இயக்குகிறாரா?

ஒருவரால் முடியாது. முதன்மைக் கலைஞர் பொம்மையின் தலைக்குள் கையை நுழைத்து அதன் நிமிர்வையும் சாய்வையும் திருப்பத்தையும் தருகிறார். பொம்மையின் மூச்சும் மனநிலையும் அந்தக் கையிலிருந்தே பிறக்கின்றன. கைகளை அசைக்க உதவியாளர் தேவைப்படுகிறார். கண், புருவம், உதடு ஆகியவற்றைச் சற்றுத் தள்ளி நிற்பவர் மின்னணுக் கருவியால் இயக்குகிறார். பைலட்டுக்கு நான்கு கைகளும் மிகப்பெரிய தலையும் இருப்பதால் அதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும்.

இவர்கள் அனைவரும் பார்ப்பது பொம்மையை அன்று, மானிட்டரை. மேசைக்கு அடியிலோ இருக்கைக்குப் பின்னாலோ மடங்கிக் கிடக்கும் கலைஞருக்குத் தம் பொம்மையின் முகமே தெரியாது. கேமரா காண்பதைச் சிறு திரையில் கண்டுதான் நடிக்கிறார். அத்திரை கண்ணாடியைப் போல இடவலம் மாற்றிக் காட்டாது. ஆகவே, தமக்கு இடப்பக்கம் திருப்பினால் படத்தில் எப்பக்கம் திரும்பும் என்பது கையில் ஊறிப்போகும் வரை பழக வேண்டும். பல மனிதர்கள் ஒரே முகத்தின் பகுதிகளைப் பகிர்ந்துகொண்டு ஒரே எண்ணத்தை வெளிப்படுத்துவது எவ்வளவு கடினமான கூட்டுப் பயிற்சி என்பதைப் பார்வையாளர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது என் மனக்குறை.

மோட்டார் சுற்றினால் முகம் எப்படிச் சிரிக்கும்? உள்ளே என்ன நடக்கிறது?

ஒரே ஒரு புருவத்தை எடுத்துக்கொள்வோம். ரப்பர் தோலுக்கு அடியில் கண்ணாடியிழையாலான ஒரு மண்டையோடு இருக்கிறது. அதில் தீப்பெட்டி அளவுக்கும் சிறிதான சர்வோ மோட்டார் ஒன்று திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண மோட்டாரைப் போல இது நில்லாமல் சுற்றாது. சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். அக்கோணத்தைச் சொல்வது ஒரு மின்துடிப்பு. வழக்கமான சர்வோவுக்கு விநாடிக்கு 50 முறை துடிப்பு வருகிறது. துடிப்பின் நீளம் ஒரு மில்லி விநாடி என்றால் ஒரு முனை, இரண்டு மில்லி விநாடி என்றால் மறுமுனை. மோட்டாரின் சிறு கை ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பியின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகடு தோலின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. தகடு உயர்ந்தால் புருவம் உயரும். புருவத்தின் உள்முனைக்கு ஒன்று, வெளிமுனைக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள் வைத்தால்தான் கவலைக்கும் சினத்துக்கும் வேறுபாடு காட்ட முடியும்.

தலைக்குள் இடம் போதாவிட்டால் மோட்டாரை வெளியே வைத்து, மிதிவண்டி பிரேக்கில் இருப்பதைப் போன்ற உறையிட்ட கம்பி வழியாக இழுவிசையை உள்ளே அனுப்புவார்கள். கையால் நெம்புகோலை அழுத்தி இழுக்கும் முறையும் உண்டு. மோட்டாரைவிட மென்மையான, தயக்கம் கலந்த அசைவு அதில் கிடைக்கும்.

சரி, இருபது முப்பது மோட்டார்களை ஒருவர் இரண்டு கைகளால் எப்படி ஒரே நேரத்தில் கட்டுப்படுத்துவார்?

தொடக்கக் காலத்தில் அதற்கு ஒரு கூட்டமே தேவைப்பட்டது. மாடல் விமானங்களுக்குப் பயன்படும் ரேடியோ ரிமோட்டுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒருவர் இமையையும் ஒருவர் உதட்டையும் அசைப்பார்கள். ஒருவர் அரை விநாடி பிந்தினாலும் முகம் கோணிவிடும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஹென்சன் குழுவினர் உருவாக்கிய கணினிவழிக் கட்டுப்பாட்டு முறை, 1992 இல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல் தொழில்நுட்ப விருதைப் பெற்றது. கலைஞர் ஒரு கையுறை போன்ற கருவிக்குள் கையை நுழைத்து, வாயைத் திறந்து மூடுவதுபோல விரல்களை அசைக்கிறார். கணினி அந்த ஓர் அசைவைப் பல மோட்டார்களுக்குரிய கட்டளைகளாகப் பிரித்து அனுப்புகிறது: தாடை இறங்குகிறது, உதட்டோரம் பின்வாங்குகிறது, கன்னம் சற்றே குழிகிறது. எந்த அசைவுக்கு எந்த மோட்டார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற விகிதங்களைப் படப்பிடிப்புக்கு முன்பே அமர்ந்து வகுத்துவிடுகிறார்கள். இதனால் முகத்தின் முழு உணர்ச்சியும் ஒரே மனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இக்கலையில் நிகழ்ந்த முன்னேற்றங்களிலேயே இதைத்தான் நான் தலையாயதாகக் கருதுகிறேன். மோட்டார்கள் எவ்வளவு நுண்மையானவையாக இருந்தாலும், அவை ஒருமித்து எண்ணாவிட்டால் முகம் பிறப்பதில்லை.

தோல் எதனால் செய்கிறார்கள்?

முதலில் களிமண்ணில் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்கும் உள்மண்டைக்கும் இடையிலான இடைவெளியில் தோலுக்குரிய பொருளை நிரப்புகிறார்கள். அப்பொருள் பெரும்பாலும் ஃபோம் லேட்டக்ஸ் அல்லது சிலிக்கோன். ஃபோம் லேட்டக்ஸ் என்பது இரப்பர் பாலை நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி, மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவைத்துப் பெறும் பஞ்சு போன்ற ரப்பர். எடை குறைவு, எளிதாக மடியும், சிறு மோட்டாரே போதும். சிலிக்கோன் எடை மிகுந்தது. ஆனால் ஒளி அதன் மேற்பரப்புக்குள் சற்று ஊடுருவித் திரும்புவதால் உண்மையான சதையைப் போலத் தோன்றும்.

தோலின் தடிமனை முடிவு செய்வதில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் தோல் மிக மெல்லியதாக இல்லாவிட்டால் சுருக்கங்கள் விழாது. வெறுமனே ஒரு மேடு நகர்வதுபோலத் தெரியும். எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டாமல் வழுக்கிச் செல்ல விட வேண்டும் என்பதும் அப்படியே.

சில பொம்மைகளின் கண்கள் மட்டும் உயிருள்ளவை போல இருக்கின்றன, சில செத்த மீன்கண்ணாக இருக்கின்றன. ஏன்?

கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. முதல் காரணம் பார்வையின் குவிவு. நாம் அருகில் உள்ள ஒன்றைப் பார்க்கும்போது இரு விழிகளும் சற்று உள்நோக்கித் திரும்புகின்றன. பொம்மையின் விழிகள் இணையாகவே நின்றால், அது எதிரே இருப்பவரைத் துளைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் எங்கோ பார்ப்பதாகத் தோன்றும். ஆகவே, நடிகர் வழக்கமாக நிற்கும் தொலைவைக் கணக்கிட்டு விழிகளை அமைக்கிறார்கள், அல்லது ஒவ்வொரு விழிக்கும் தனி மோட்டார் தருகிறார்கள்.

இரண்டாவது காரணம் இமை. நாம் கீழே பார்த்தால் மேலிமையும் கூடவே இறங்குகிறது. இமை அசையாமல் விழி மட்டும் உருண்டால் அது பொம்மைதான் என்று பார்ப்பவருக்குப் பட்டுவிடும். இமைப்பதற்கும் நேரம் காலம் உண்டு: பார்வையை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றும்போதும், ஓர் எண்ணம் முடியும்போதும் நாம் இமைக்கிறோம். தேர்ந்த கலைஞர் இமைப்பை வசனத்தின் நிறுத்தற்குறியைப் போலவே கையாளுகிறார். மூன்றாவதாக, ஈரம். ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு விழியின் மேல் பளபளக்கும் வழுவழுப்பான திரவத்தைப் பூசுகிறார்கள். அது காய்ந்துவிட்டால், பிற எல்லாம் சரியாக இருந்தாலும் நீங்கள் சொல்லும் மீன்கண் வந்துவிடும்.

குரல் கொடுப்பவர் படப்பிடிப்பில் இருப்பாரா?

பெரும்பாலும் இருப்பதில்லை. ஃபார்ஸ்கேப்பில் ரைஜலுக்கு ஜொனாதன் ஹார்டியும் பைலட்டுக்கு லானி டுபுவும் குரல் தந்தனர். டுபு அதே தொடரில் கிரைஸ் என்ற தளபதியாக நேரிலும் நடித்தவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். படப்பிடிப்பின்போது பொம்மையை இயக்கும் கலைஞரே வசனத்தைப் பேசுவார். அப்போதுதான் எதிரே உள்ள நடிகர் இயல்பாகப் பதில் சொல்ல முடியும். பின்னர், உதட்டசைவைப் பார்த்துக் குரல் நடிகர் டப்பிங் செய்வார். தலைக்குள் மோட்டார்கள் எழுப்பும் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுவதும் டப்பிங்கைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

ஆகவே, ரைஜல் என்ற ஒரே பாத்திரம் இரண்டு நடிப்புகளின் கூட்டு. பாராட்டு பெரும்பாலும் குரலுக்கே போய்ச் சேர்கிறது. வசனத்தின் வேகத்தையும் நிறுத்தங்களையும் தளத்திலேயே தீர்மானித்துவிட்டவர் பொம்மைக் கலைஞர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த உயிரினங்கள் ஏன் நடப்பதே இல்லை? எப்போதும் உட்கார்ந்தே இருக்கின்றன!

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். உடலின் எடையைக் காலில் தாங்கி, சமநிலை தவறாமல் அடியெடுத்து வைப்பது பொம்மைக்கு மிகக் கடினமான செயல். மேலும், மூன்றாம் பதிலில் சொன்ன கலைஞர்கள் எங்காவது மறைந்தாக வேண்டும். எழுத்தாளர்கள் இக்கட்டாயத்தைக் கதையாக்கிவிட்டனர். ரைஜல் மிதக்கும் சிம்மாசனத்தில் வலம் வருகிறார். மன்னருக்கு அது பொருத்தமும்கூட. பைலட் கலத்தோடு பிணைக்கப்பட்டவர் என்பதால் அவர் இடம்விட்டு நகரவே வேண்டியதில்லை.

1986 முதல் 1990 வரை வந்த 'ஆல்ஃப்' நகைச்சுவைத் தொடரில், ஆல்ஃப் என்ற வேற்றுக்கிரக உயிரினத்துக்கு வேறு வழியைக் கையாண்டார்கள். வீட்டின் அரங்கம் முழுவதையும் தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, ஆங்காங்கே திறப்புகள் வைத்து, கீழிருந்து பொம்மையை இயக்கினார்கள். ஆல்ஃபின் முழு உடலையும் காட்ட வேண்டிய சில காட்சிகளில் மட்டும் உயரம் மிகக் குறைந்த நடிகர் ஒருவர் அவ்வுடையை அணிந்து நடந்தார்.

படப்பிடிப்பு நடுவே பழுதாகிவிட்டால் என்ன செய்வார்கள்?

பழுதாகும் என்று எதிர்பார்த்தே வேலை செய்கிறார்கள். தோல் கிழிந்தால் ஒட்டவும், கம்பி அறுந்தால் மாற்றவும் தொழில்நுட்பர்கள் தளத்திலேயே காத்திருப்பார்கள். திரைப்படத்தில் ஒரு காட்சிக்கு ஒரு நாள் காத்திருக்கலாம்; வாரந்தோறும் அத்தியாயம் தர வேண்டிய தொலைக்காட்சியில் அது இயலாது. ஆகவே, மிகச் சிக்கலான பொறியைவிட, எளிதில் பிரித்துச் சரிசெய்யக்கூடிய பொறியே தொலைக்காட்சிக்குச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

வரலாற்றில் இதற்குப் பாடங்கள் பல. 1977 இல் டாக்டர் ஹூவில் அறிமுகமான கே-9 என்ற இயந்திர நாயின் ரேடியோ அலைகள் ஸ்டுடியோ கேமராக்களோடு மோதின. கேமரா ஓடும்போது நாய் கட்டுப்பாட்டை இழந்தது. தண்ணீர் இன்னொரு பகைவன். 1993 இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தின் மழைக் காட்சியில், பெரிய டைனோசரின் நுரை ரப்பர் தோல் நீரை உறிஞ்சி எடை கூடியதால் பொறி நடுங்கத் தொடங்கியது. டேக்குகளுக்கு இடையே அதை உலர்த்திக்கொண்டே படமாக்கினார்கள்.

கிராஃபிக்ஸ் இவ்வளவு வளர்ந்த பிறகும் எதற்காக இந்தப் பாடு?

முதன்மையான காரணம், எதிரே நிற்கும் நடிகர். ஃபார்ஸ்கேப்பில் கதாநாயகன் கிரைட்டன் ரைஜலைப் பிடித்து உலுக்குகிறான், தூக்குகிறான், முகத்தோடு முகம் வைத்துத் திட்டுகிறான். நடிகரின் விரல்கள் ரப்பர் தோலில் பதிவதும், இருவர் மேலும் ஒரே விளக்கின் ஒளி விழுவதும் கேமராவில் அப்படியே பதிவாகின்றன. முதல் பருவத்தில், சொந்த ஊருக்குச் செல்லும் வழி காட்டும் வரைபடத்துக்கு விலையாகச் சக பயணிகளே பைலட்டின் ஒரு கையை வெட்டியெடுக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. பொம்மையின் கைதானே என்று எவராலும் அதை அலட்சியமாகப் பார்க்க முடியாது. அதுவரை அந்த முகத்தை ஒரு மனிதமுகமாகவே நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

2019 இல் தொடங்கிய 'தி மாண்டலோரியன்' தொடரின் பச்சை நிறக் குழந்தைப் பாத்திரத்தை லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் பொம்மையாகச் செய்தது. ஒரு காட்சியை எடுத்து முடித்ததும், தேவைப்பட்டால் கிராஃபிக்ஸ் செய்துகொள்ளலாம் என்று பொம்மையை அகற்றிவிட்டு வெறுமையான தளத்தை எடுக்கக் குழுவினர் முனைந்தனர். அத்தொடரில் நடித்த இயக்குநர் வெர்னர் ஹெர்ட்சாக், அது கோழைத்தனம் என்று அவர்களைக் கடிந்துகொண்டார். வயதும் அனுபவமும் முதிர்ந்த ஒருவர் ஒரு பொம்மைக்காகப் பரிந்து பேசினார் என்பதே அப்பொம்மையின் ஆற்றலுக்குச் சான்று.

அப்படியானால் கிராஃபிக்ஸே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. ஓடுவது, தாவுவது, நீந்துவது, கூட்டமாகப் பாய்வது ஆகியவற்றில் பொம்மை தோற்றுவிடும். காரணத்தை நடை பற்றிய பதிலிலேயே சொல்லிவிட்டேன். மாண்டலோரியனின் குழந்தைக்கும் தேவையான இடங்களில் கிராஃபிக்ஸ் துணைசெய்தது. 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரில் அஸ்கார்டு என்ற வேற்றுக்கிரக இனத்தவர் முதலில் பொம்மைகளாக வந்து, பிற்காலத்தில் கிராஃபிக்ஸ் உருவங்களாகவும் தோன்றினர். இன்று பொம்மையின் கையைத் தாங்கும் கோலையும் பின்னால் நிற்கும் கலைஞரையும் படத்திலிருந்து அழித்துவிட முடிகிறது என்பதால், கலைஞர்கள் முன்பைப் போல உடலை மடக்கி ஒளிய வேண்டியதில்லை. கிராஃபிக்ஸ் இக்கலைக்கு அளித்த மிகப்பெரிய கொடை அதுவே.

தமிழ்ப் படங்களில் இந்த வேலை நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2010 இல் வெளிவந்த 'எந்திரன்' படத்தின் சிட்டி ரோபோவுக்காக, மேலே சொன்ன அதே லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் பணியாற்றியது. திரைப்பட உயிரினங்களை உருவாக்கிய கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் 2008 இல் மறைந்தபின் அவருடைய குழுவினர் தொடங்கிய நிறுவனம் அது. வின்ஸ்டனின் பட்டறைதான் முன்பு சொன்ன மழையில் நனைந்த டைனோசரையும் செய்தது.

தொடர் முடிந்தபின் இப்பொம்மைகள் என்ன ஆகின்றன?

ஃபோம் லேட்டக்ஸ் நீண்ட நாள் வாழாது. ஒளி, வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகியவை அதைத் தாக்கத் தாக்க, தோல் முதலில் விறைத்து, பிறகு வெடித்து, கடைசியில் தொட்டாலே உதிரும். குளிர்ந்த இருட்டறையில் வைத்தால் சிதைவு தாமதமாகும், நிற்காது. சிலிக்கோன் பன்மடங்கு நிலைத்திருக்கும். அச்சுகளைப் பத்திரப்படுத்தியிருந்தால் புதுத் தோலை வார்த்து மாட்டலாம். ஆனால் அவை அளவில் பெரியவை என்பதால் இடமின்றிக் கைவிடப்படுவதும் உண்டு.

ஒரு காட்சியைப் பார்த்தவுடன் பொம்மையா, கிராஃபிக்ஸா என்று சொல்ல முடியுமா?

எப்போதும் முடியாது, சில தடயங்கள் உதவும். உயிரினத்தின் கால்கள் சட்டகத்துக்குள் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். இடுப்புக்குக் கீழே மேசையோ போர்வையோ இருக்கையோ தொடர்ந்து மறைத்தால் பொம்மையாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடுத்து, நடிகர் அதைத் தொடும் இடத்தைப் பாருங்கள்: துணி உண்மையாகவே கசங்கினால், முடி கலைந்து அடுத்த ஷாட்டிலும் கலைந்தே இருந்தால், அங்கே ஒரு பொருள் இருந்திருக்கிறது. ஓர் அசைவின் முடிவில் தலை மெல்ல அதிர்ந்து அடங்கினால் அதுவும் ரப்பருக்கும் கம்பிக்கும் உரிய குணம்.

ஒரே காட்சியில் இரண்டும் கலந்திருப்பது இன்று வழக்கமாகிவிட்டதால், முழு உருவத்தையும் ஒருசேரத் தீர்ப்பிடாமல், முகம் ஒன்று, நடை ஒன்று என ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள். நெருக்கக் காட்சியில் பொம்மையாக இருந்த உயிரினம், அகலக் காட்சியில் ஓடத் தொடங்கும் வெட்டில் கிராஃபிக்ஸாக மாறியிருக்கும். அந்த வெட்டுக்கு முந்தைய சில சட்டகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.